30 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பதெல்லாம் புதரா?

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வளாகத்தின் பின்பக்கம் நடக்கப் போனேன். புதருக்குள் சிவப்பு ரிப்பன் கட்டிய முளைக்குச்சிகள். தரையில் சுண்ணாம்புக் கோடு. புது மாணவர் விடுதி வரப்போகிறதாம், எட்டு மாடி. (வளாகத்தின் பெயர் வேண்டாம். தென்சென்னை, நான் வேலை பார்க்கிற இடம், அவ்வளவு போதும்.)

டேப் பிடித்துக்கொண்டிருந்த இன்ஜினியர் தம்பியிடம் எத்தனை மரம் போகும் என்று கேட்டேன். "பதினோரு மரம்தான் சார். ஒண்ணுக்குப் பத்து நட்டுடுவோம். மத்ததெல்லாம் வெறும் புதர்."

அந்த வெறும் புதரில் அன்றைக்குக் காசான் பூத்திருந்தது. பழைய கிளையின் பட்டையிலேயே ஒட்டிக்கொண்டு கொத்துக்கொத்தாகச் சின்னச் சின்னப் பூக்கள், மயில் கழுத்தின் நீலம். இதற்கு இன்னொரு பெயர் காயா. காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுகிற நம்மில் எத்தனை பேர் அந்தப் பூவைப் பார்த்திருக்கிறோம்? நாற்பது வயது தாண்டித்தான் நான் பார்த்தேன். அதுவும் இங்கே தோட்ட வேலை பார்க்கும் பெரியவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியதால்.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருக்கிற விலைப்பட்டியல் அப்படி. மத்தியப் பொதுப்பணித் துறையின் பட்டியலில் 'ஜங்கிள் கிளியரிங்' என்று ஒரு வேலை உண்டு. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அளந்து, சுற்றளவு 30 செ.மீ. வரை உள்ள மரம், கன்று, புதர், புல் எல்லாம் அதில் அடக்கம். பரப்பளவுக் கணக்கில் கூலி. அதற்கு மேல் பருத்தால்தான் மரம் என்று தனியாக எண்ணுவார்கள். சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்துக்குச் சரியான கணக்குதான். ஆனால் காசான் ஒரே வேரிலிருந்து நாலைந்து தண்டாகப் பிரிகிற சாதி. நேற்று வீட்டிலிருந்து தையல் டேப்பை எடுத்துப்போய் அளந்தேன். ஆகப் பருத்த தண்டு 23 செ.மீ. "நான் வேலைக்குச் சேர்ந்தப்பவும் இது இதே கனம்தான் சார்" என்றார் பெரியவர். அவர் சேர்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

இந்தப் புதர்க்காட்டுக்கு ஒரு நீளமான பெயர் இருக்கிறது: வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கரையோரம் ஒட்டுத்துணி மாதிரி அங்கங்கே மிஞ்சியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழைதான் இதற்குப் பெரும் பங்கு தண்ணீர். அப்புறம் மாதக்கணக்கில் வறட்சி, ஆனாலும் இலையை உதிர்க்காது. இலை தடித்து, எண்ணெய் தடவினாற்போல மினுங்கும். தண்ணீரை அவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிற செடி மெதுவாகத்தானே வளரும்? வீரை, பாலை, காட்டு எலுமிச்சை, களா, காரை, அவற்றின்மேல் ஏறிப் பின்னிய சூரை, பிரண்டை, குன்றிமணி. உள்ளே நுழைந்தால் சட்டை கிழியும். களாப்பழம் பொறுக்கிய கைகளுக்குத் தெரியும்.

மிஞ்சிய துண்டுகள் எங்கே என்று பார்த்தால் கோயில் காடுகள், காப்புக்காடுகள், பிறகு மதில் சுவர் எழுப்பிய பெரிய வளாகங்கள். சென்னைக்குள் கிண்டிதான் நமக்குத் தெரிந்த உதாரணம். தேசியப் பூங்கா என்று 1978இல் அறிவித்தபோது கையில் இருந்தது சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அதற்கு முன்பே அந்தக் காட்டிலிருந்து ஐஐடிக்கும் நினைவகங்களுக்கும் நிலம் பிரிந்துபோயிருந்தது. தாம்பரத்துக்கு 1937இல் குடிபோன கிறித்துவக் கல்லூரியிலோ வகுப்பறைகளைச் சுற்றிப் புதர்க்காடு இன்றும் நிற்கிறது. நகரம் இந்தக் காட்டை வேண்டுமென்று காப்பாற்றவில்லை. மதிலுக்குள் மாட்டிக்கொண்டதால் தப்பித்தது.

"ஒன்றுக்குப் பத்து நடுவோம்" என்பதில்தான் எனக்குப் பெரிய சங்கடம். எதை நடுவார்கள்? நர்சரியில் கிடைப்பது புங்கன், வேம்பு, மகிழம். நல்ல மரங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் காசான் கன்றும் வீரைக் கன்றும் கேட்டுப்பாருங்கள், கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். இந்தக் காட்டைப் பெரும்பாலும் நட்டு வளர்ப்பது சின்னான்களும் குயில்களும். பழத்தைத் தின்று, இன்னொரு புதரின் நிழலில் எச்சமிட்டு, அங்கே முளைத்து. நிழலே இல்லாத மைதானத்தில் வரிசையாகக் குழி தோண்டி ஊன்றிவிட்டுக் காடு பெயர்ந்து வந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

எதிர்த்தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும். மூன்று பேர் அறையில் ஐந்து பிள்ளைகள் படுக்கிறார்கள். விடுதி வேண்டும், உடனே வேண்டும். இந்தப் புதரில் சீமைக் கருவேலமும் உன்னிச்செடியும் புகுந்திருப்பதும் உண்மை. அவற்றைப் பிடுங்குங்கள், நானும் வருகிறேன், கையால். ஜேசிபிக்கு உன்னி எது, களா எது என்று தெரியாது. விடுதிக்கு இடமா இல்லை? முன்வாசலில் ஒற்றை மாடியில் ஒழுகிக்கொண்டிருக்கும் பழைய ஸ்டோர் கட்டடம் இருக்கிறது. பக்கத்தில் கார் நிறுத்தத் தார் போட்ட பொட்டல் இருக்கிறது. அங்கே பத்து மாடிகூடக் கட்டலாம். கார் வைத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். புதர் முணுமுணுக்காது, அதுதான் விஷயம்.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலி காடு நினைவிருக்கும். 2025 மார்ச் கடைசியில் 400 ஏக்கரில் இயந்திரங்கள் இறங்கின. மாணவர்கள் போராட, ஏப்ரல் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தியது. அதற்குள் ஏக்கர் கணக்கில் மொட்டையாகிவிட்டது. தடை வாங்கலாம், வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. எங்களுடையது இரண்டரை ஏக்கர்கூடத் தேறாது. டிவி கேமரா வராது.

வருகிற வியாழக்கிழமை கட்டடக் குழு கூடுகிறது. மரக்கணக்கோடு செடிக்கணக்கும் எடுக்க வேண்டும், அதுவரை ஜேசிபி உள்ளே வரக் கூடாது என்று மனு எழுதியிருக்கிறேன். இதுவரை பதினேழு கையெழுத்து. எங்கள் வளாகத்தில் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் ஓர் உதவி. பழைய நீர்த்தொட்டிக்குப் பின்னால் எடுத்த போட்டோ, பிஎஸ்சி தாவரவியலில் இந்த இடத்தில் பறித்து ஒட்டிய செடித்தாள், எது இருந்தாலும் தேதியோடு இன்பாக்ஸில் அனுப்புங்கள். புதன்கிழமை இரவுக்குள் வந்தால் மனுவோடு சேர்த்துவிடுவேன்.