ரேடியோவை ஆக்கர் கடைக்குப் போட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை படிப்பகத் திறப்பு விழாப் படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். படிப்பகத்தின் பழைய ஓட்டுக் கட்டிடத்தை இடித்ததையும், அதிலிருந்த வால்வு ரேடியோவைப் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்கு எடை போட்டு விற்றதையும் பற்றிக் கீழே நான் எழுதிய நாலு வரியையும், அதற்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். "அண்ணனுக்குப் பழைய சாமானுன்னா கிறுக்கு", "வீட்டுல கொண்டுபோய் வச்சு கும்பிடுங்க", "ஊரு முன்னேறுறது சிலருக்குப் பொறுக்காது." அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். கமிட்டியில் இருக்கும் தம்பிகளில் முக்கால்வாசிப் பேர் என் கண்முன்னால் வளர்ந்தவர்கள். விழா நாளில் அவர்கள் மனசைக் கெடுக்க வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன்.

எனக்குப் பழசு மேல் கிறுக்கு இல்லை. ஓட்டை உடைசலைத் தூக்கி எறிய என் வீட்டில் யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை. நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: சரியாகச் செய்த பொருளுக்கு வயசு கிடையாது. அந்த வால்வு ரேடியோ சரியாகச் செய்த பொருள். அந்த ஓட்டுக் கட்டிடம் சரியாகக் கட்டிய கட்டிடம். இரண்டையும் நீங்கள் பழசு என்ற ஒரே கணக்கில் எழுதி முடித்துவிட்டீர்கள்.

அந்த ரேடியோவை இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் சொல்கிறேன். இடது பக்கக் குமிழைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதுதான் சுவிட்ச். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வு சூடாகும்வரை பொறுக்க வேண்டும். பிறகு மெல்ல ஓர் இரைச்சல் எழும்பும். வலது பக்கக் குமிழின் தண்டில் கனமான ஒரு சக்கரம் இருந்தது. விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும், முள் கண்ணாடிக்குப் பின்னால் தானாக வழுக்கிக்கொண்டு அந்தக் கோடிவரை போகும். நிலையம் சரியாகப் பிடிபட்டால், முகப்பில் பச்சையாக ஒளிரும் கண்ணுக்குள் இருக்கும் நிழல் சுருங்கும். பக்கத்து வீட்டுக் கண் தெரியாத பாட்டா ஒருவர் தினமும் காலையில் வருவார். முள்ளை இடது ஓரத்தில் முட்டவிட்டு, அங்கிருந்து கை அளவாகவே திருப்பித் திருநெல்வேலி நிலையத்தைப் பிடித்துவிடுவார். ஒருவரையும் உதவிக்குக் கூப்பிட மாட்டார். சரோஜ் நாராயண்சுவாமி செய்தி வாசிக்க, அவர் தலையாட்டிக்கொண்டு கேட்பார்.

இப்போது அந்த இடத்தில் வைத்திருக்கும் ஸ்பீக்கரைப் போய்ப் பாருங்கள். வழவழவென்ற கறுப்பு முகம், தடவிப் பார்த்தால் எது எந்தப் பொத்தான் என்று தெரியாது. சத்தம் கூட்ட ஒரு பொத்தானைத் தொட்டால் கலர் கலராக விளக்கு மின்னுகிறது. அந்தப் பாட்டா இன்று உயிரோடு இருந்தால் அதை எப்படிப் போடுவார்? எது முன்னேற்றம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இது நான் மட்டும் பிடித்துத் தொங்கும் விஷயமும் இல்லை. ஜெர்மனியில் டீட்டர் ராம்ஸ் என்ற வடிவமைப்பாளர். அவருடைய தாத்தா தச்சர், அவரும் தச்சு வேலை படித்தவர். பிரான் கம்பெனியில் ஹான்ஸ் குகெலோட்டோடு சேர்ந்து 1956-ல், நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருஷம், ரேடியோவும் இசைத்தட்டும் சேர்ந்த எஸ்கே4 என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். வெள்ளைத் தகடு, இரண்டு பக்கம் மரம், மேலே கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் மூடி. சவப்பெட்டி என்று கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த இசைத்தட்டுக் கருவிகள் பலவற்றுக்கும் அந்தத் தெளிந்த மூடிதான். குறைவாகச் செய், ஆனால் நன்றாகச் செய் என்பது அவருடைய கொள்கை. ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற இசைத்தட்டுக் கருவி 1972-ல் வந்தது. 2010-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2016-ல் ஏறக்குறைய அதே முகத்தோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். கேட்டு வாங்க ஆள் இருந்தது. ஜப்பான்காரனுக்கும் பழசு மேல் கிறுக்கா?

"ரேடியோ கேக்கணும்னா போன்லயே கேக்கலாமே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். கேட்கலாம், நானும் கேட்கிறேன். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நம் நாகர்கோவிலில்தான் வந்தது. அதைப் போனில் கேட்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. புதுசு வேண்டாமென்று நான் எங்கே சொன்னேன்? சரியாகச் செய்ததைத் தூக்கிப் போடாதே என்றுதான் சொன்னேன்.

சரி, கட்டிடத்துக்கு வருவோம். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்குப் பருவமும் பெய்யும். அதனால்தான் நம் ஆசாரிமார் கூரையை அவ்வளவு தாழ இறக்கினார்கள். சாரல் சுவரைத் தொடாது, மேற்கு வெயில் உள்ளே வராது. மர அழி போட்ட சன்னல் வழியாகக் காற்று மட்டும் வரும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போகாத ஆள் இங்கே யார்? ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் சன்னலுக்கு மைக்கா என்கிற அபிரகம் பதித்திருக்கிறார்கள். வெளியே தக்கலை வெயில் கொளுத்தும்போது உள்ளே தணிந்த கலர் வெளிச்சம் விழும். கறுப்புத் தரை அத்தனை பேர் நடந்தும் இன்னும் முகம் காட்டுகிறது. நம் படிப்பகம் அரண்மனை இல்லை, ஆனால் அதே கைகளின் அறிவில் வந்ததுதான். அதை இடித்து, முன்பக்கம் ஏசிபி ஷீட் என்ற அலுமினியப் பலகை ஒட்டி, சன்னலை அடைத்து, இப்போது உள்ளே உட்கார முடியவில்லை என்று ஏசிக்கு நன்கொடை கேட்கிறீர்கள்.

ஓடு ஒழுகியது என்கிறார்கள். ஒழுகினால் அந்த ஓடுகளை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

என்னை உண்மையிலேயே குத்தியது வேறொரு பதில். "அரண்மனையைப் புகழுதீங்களே, உங்க பாட்டாவை அதுக்குள்ள விட்டிருப்பானுவளா?" அதற்கு நூற்றுச் சொச்சம் லைக். எனக்குத் தெரியாதா? ஓட்டு வீடு கட்டிக்கொள்ளக்கூட உரிமை இல்லாமல் கிடந்த சனம் நாங்கள். எங்கள் பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலைக்காக அடிபட்டு, 1859-ல் திருவிதாங்கூர் அரசாணை வாங்கிய சனம். இதை எங்கள் வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள், பேஸ்புக்கில் வந்து யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த மரத்தைச் செதுக்கியது ராஜா இல்லை, தரையைத் தேய்த்து மினுக்கியதும் ராஜா இல்லை. வேலை செய்தவன் அறிவு நம்முடையது. அதை ராஜாவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு நாம் ஏசிபி ஷீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டுமா? எங்கள் ஊரில் ஓடு போட உரிமை கிடைத்த பிறகு, சனங்கள் கைக்காசு போட்டுக் கட்டிய ஓட்டுக் கட்டிடம் அது. அதற்காகவே அது நின்றிருக்க வேண்டும்.

அரண்மனை வேண்டாமென்றால் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போங்கள். 1966-ல் கட்டி முடித்தது, காமராஜர் முயற்சி. பறளியாற்றுப் பள்ளத்துக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தண்ணீரைத் தாங்கி நிற்கின்றன. அலங்காரத்துக்கென்று ஒரு சிமென்ட் பூ கிடையாது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போக வேண்டும், அதற்கு எது வேண்டுமோ அது மட்டும்தான் இருக்கிறது. இன்றைக்கும் அதன் கீழே நின்று மேலே பார்க்கிறவன் வாயடைத்துத்தான் போகிறான். அது ராஜாவுக்குக் கட்டியதா?

அதுவும் வேண்டாம், அடுக்களைக்குப் போய் ஒரு செம்பை எடுங்கள். 1958-ல் மத்திய அரசு கூப்பிட்டு அமெரிக்காவிலிருந்து சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற வடிவமைப்பாளர் தம்பதி வந்து நாடு சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் 1961-ல் வந்தது அதன் அடிப்படையில்தான். அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து வியந்து பேசியது செம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், சரிக்கும்போது கனம் எங்கே போகும், கழுவ உள்ளே கை போகுமா, விற்றால் உலோகத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று இத்தனையும் பார்த்துப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேறி வந்த வடிவம் என்றார்கள். நாம் அதில் தினமும் தண்ணீர் குடித்தோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. தக்கலையில் ரேடியோ மெக்கானிக் கடை வைத்திருந்த என் அப்பாதான் அந்த ரேடியோவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். முள்ளை இழுக்கும் டயல் கயிறு அறுந்தால் ராத்திரி கடை அடைத்துவிட்டு வந்து மாட்டுவார். படிப்பகத்திடம் ஒரு காசு வாங்கியதில்லை. அவர் போன பிறகு வால்வு கிடைக்காமல் அது பேசாமல் கிடந்தது, உண்மைதான். அதற்காக எடை போட்டா விற்பது? என் வீடு படிப்பகத்துக்கு எதிர்த்த தெருவில் இருக்கிறது. ஒருத்தர் வந்து "அண்ணே, இதை எடுக்கப் போறோம்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஆக்கர்காரர் கொடுத்ததைப் போல் பத்து மடங்கு கொடுத்துத் தலையில் சுமந்துகொண்டு வந்திருப்பேன். எனக்கு வருத்தம் கமிட்டி மேல் மட்டும் இல்லை. கேட்க வேண்டுமென்றுகூட ஒருத்தருக்கும் தோன்றவில்லையே, அந்த வருத்தம்தான் பெரிது.

அடுத்து ஊர்க்கிணற்றின் கல்தொட்டியை உடைத்துவிட்டு டைல்ஸ் ஒட்டப் போவதாகக் கேள்விப்படுகிறேன். ஒற்றைக் கல்லில் குடைந்த தொட்டி அது, மாடு கழுத்தை வளைக்காமல் தண்ணீர் குடிக்கிற உயரத்தில் வைத்தது. தம்பிகளே, அதில் கை வைப்பதற்கு முன் ஊர்க்கூட்டம் போடுங்கள். என்னைக் கிறுக்கன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை, ஆனால் தேதியைச் சொல்லுங்கள். நான் வருகிறேன்.