பெஞ்சமினுக்கு முதலில் வைத்த பேர்

நண்பர் ஒருவர் தன் மகனுக்குப் பெஞ்சமின் என்று பேர் வைக்கப் போகிறார். அர்த்தம் தேடிப் பார்த்தாராம், ‘வலது கையின் மகன்’ என்று இருந்ததாம். சரியான அர்த்தம்தான். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும்போது, வேதாகமத்தில் வரும் முதல் பெஞ்சமினைப் பெற்ற தாய் ராகேல் காணாமல் போய்விடுகிறாள். அது எனக்கு எப்போதும் வருத்தம்.

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில், 35ஆம் அதிகாரத்தில் இருக்கிறது இந்தக் கதை. ராகேலின் கணவர் யாக்கோபின் குடும்பம் பெத்தேலிலிருந்து பெத்லகேம் பக்கம் போகிறது. வழியில் ராகேலுக்குப் பிரசவ வலி. பிள்ளை கொடு, இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று ஒரு காலத்தில் கணவனிடம் அழுதவள், இப்போது பிள்ளையைப் பெற்றுவிட்டுச் சாகிறாள். உயிர் பிரிகிற நேரத்தில் அவள் வைத்த பேர் பெனோனி. ‘என் துக்கத்தின் மகன்’ என்று அர்த்தம். யாக்கோபு அதை மாற்றி பின்யாமின் என்கிறார். அதுதான் நம் வேதாகமத்தில் பென்யமீன், ஆங்கிலம் வழியாக பெஞ்சமின்.

சாகிறவளின் கடைசி வார்த்தையை இப்படித் தள்ளிவிடலாமா என்று பல வருடம் எனக்கு யாக்கோபு மேல் கோபம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த ரம்பான் என்ற யூத அறிஞரின் விளக்கத்தைப் படித்த பிறகுதான் அது தணிந்தது. பெனோனியில் வரும் ‘ஓனி’ என்ற எபிரெயச் சொல்லுக்கு ‘என் துக்கம்’ என்றும் பொருள் உண்டு, ‘என் வலிமை’ என்றும் பொருள் உண்டு. மூத்த மகன் ரூபனைப் பற்றிப் பேசும்போது யாக்கோபே இதை வலிமை என்ற பொருளில்தான் சொல்கிறார். வலிமைக்கு அடையாளம் வலது கை. அதாவது, மனைவி சொன்ன சொல்லை அவர் தூக்கி எறியவில்லை, அதன் மறுபக்கத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தார். நம் ‘வலம்’ என்ற சொல்லிலும் வலப்பக்கமும் வலிமையும் சேர்ந்தே இருப்பதால் தமிழில் படிப்பவருக்கு இது சட்டென்று பிடிபடும்.

பின்யாமினில் வலது கையைக் குறிக்கும் ‘யாமின்’ என்றால் தெற்கும்கூட. கிழக்கைப் பார்த்து நின்று திசை சொன்னவர்கள் அவர்கள், வலப்பக்கம் தெற்கு. வடமொழி ‘தட்சிண’மும் இப்படித்தான், வலமும் அதுவே, தெற்கும் அதுவே. மற்ற பிள்ளைகளெல்லாம் வடக்கே ஆராமில் பிறக்க, இவன் மட்டும் தெற்கே கானானில் பிறந்ததால் இந்தப் பேர் என்கிறார் ராஷி என்ற இன்னொரு யூத அறிஞர். அப்புறம், சிரியாவில் மாரி என்ற பழைய நகரத்தில் கிடைத்த களிமண் பலகைகளிலும் ‘தெற்கின் மக்கள்’ என்ற பொருளில் இதே போன்ற பேருள்ள கூட்டத்தார் வருகிறார்கள். அவை கிறிஸ்துவுக்கு முன் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

எனக்கு மிகவும் பிடித்தது நியாயாதிபதிகள் புத்தகத்தில் இருக்கிறது. வலது கையின் பேரைச் சுமந்த பென்யமீனின் வழிவந்த கோத்திரத்தில்தான் இடது கைக்காரர்கள்! இஸ்ரவேலரை மீட்ட ஏகூத் அப்படி ஒருவன். மயிரிழையும் தப்பாமல் கவண் எறிகிற 700 இடது கை வீரர்களும் இவர்களே.

துக்கமான கதையாக இருக்கிறதே, இந்தப் பேர் வேண்டாமோ என்று நண்பர் தயங்கினார். தாராளமாக வையுங்கள் என்றேன். பையன் வளர்ந்து தன் பேருக்கு அர்த்தம் கேட்கும்போது மட்டும் ராகேலிடமிருந்து ஆரம்பியுங்கள்.