ஸ்காட்லாந்துக்காரர் என்றால் யார்?

ஸ்காட்லாந்துத் தேசியம் என்ற பேச்சு வந்தாலே பலரும் கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடை, பேக்பைப் என்ற ஊதுகருவி, இங்கிலாந்தை எதிர்த்துப் போரிட்ட வில்லியம் வாலஸ் என்று எழுநூறு வருடம் பின்னால் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், இன்று அங்கே இருக்கும் உணர்வுக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

1979 மார்ச் 1 அன்று பிரிட்டனுக்குள்ளேயே ஸ்காட்லாந்துக்கென்று தனிச் சட்டப் பேரவை வேண்டுமா என்று ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் 51.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனாலும் பேரவை வரவில்லை. மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தார்கள். கிடைத்ததோ 33 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. வீட்டிலேயே இருந்துவிட்டவரும், இறந்தும் பட்டியலில் பெயர் நீங்காதவரும் எதிர்த்த கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். அந்த நிபந்தனையைக் கொண்டுவந்தவர் லண்டன் தொகுதி ஒன்றின் தொழிற்கட்சி எம்.பி. அவர் பிறந்தது ஸ்காட்லாந்தில்தான்.

அப்புறம் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் காலம். ஸ்காட்லாந்து தொடர்ந்து தொழிற்கட்சிக்கே ஓட்டுப் போட்டது. ஆண்டது அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சி. பணக்காரர், ஏழை என்று பாராமல் தலைக்கு இவ்வளவு என்று விதித்த வரியை 1989-இல் முதலில் ஸ்காட்லாந்தில்தான் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்துக்கு அது ஒரு வருடம் கழித்தே போனது. நாம் தேர்ந்தெடுக்காத அரசு நம்மை ஆள்கிறது என்ற அந்தக் கோபம்தான் இன்றைய அடையாளத்தின் அடித்தளம். 1997 பொதுத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு அங்கே ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதே வருடம் நடந்த இன்னொரு வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்களில் 74 சதவீதம் பேர் தனி நாடாளுமன்றம் கேட்டார்கள். 1999-இல் அது கூடியபோது, இங்கிலாந்தோடு ஒன்றான வருடமான 1707-இல், மார்ச் 25 அன்று ஒத்திவைத்த நாடாளுமன்றம் மறுபடியும் கூடுகிறது என்று ஸ்காட்லாந்துத் தேசியக் கட்சியின் மூத்த தலைவர் வின்னி யூயிங் அறிவித்தார்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிதாகத் தெரிவது பிரிட்டனிலிருந்து பிரிவதா என்று கேட்ட 2014 விடுதலை வாக்கெடுப்பின் வாக்காளர் பட்டியல். அங்கே குடியிருந்த போலந்துக்காரருக்கும் இந்தியருக்கும் ஓட்டு இருந்தது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் இருந்தது. எடின்பரோவில் பிறந்து லண்டனில் குடியேறியவருக்கு இல்லை. விடுதலை 45-க்கு 55 என்று தோற்றது. ஆனாலும் பரம்பரையைக் கேட்காமல், இங்கே வாழ்கிறாயா என்று மட்டும் கேட்ட ஒரு தேசியத்தை நான் மனதார மதிக்கிறேன். 2021 மே மாதம், ஈகைத் திருநாள் அன்று, கிளாஸ்கோவின் கென்மூர் தெருவில் இரண்டு இந்தியர்களைக் குடியேற்றத் துறையினர் வேனில் ஏற்றினார்கள். ஒருவர் வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார் நூற்றுக்கணக்கில் திரண்டு, "இவர்கள் எங்கள் அண்டை வீட்டுக்காரர்கள், விடுங்கள்" என்று முழங்கினார்கள். சுமார் எட்டு மணி நேரம் கழித்து இருவரையும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் "நாங்களும் இங்கிலாந்தின் காலனிதான்" என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. பேரரசை நடத்தியதில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1867-இல் இலங்கையின் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். அந்த மலைகளில் கொழுந்து பறித்துத் தேய்ந்தவர்கள் நம் மக்கள். விடுதலை கேட்கும் நாடு இந்தக் கணக்கையும் தன் வரலாற்றில் வெளிப்படையாக எழுத வேண்டும்.