பட்டம் பெறாத வரலாற்றாளர் புரூஸ் கேட்டன்

போன ஞாயிற்றுக்கிழமை புத்தக நண்பர்கள் சிலர் கூடியிருந்தோம். பேச்சு அமெரிக்க உள்நாட்டுப் போரின் பக்கம் திரும்பியது. நான் புரூஸ் கேட்டன் பெயரை எடுத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் நிறையப் படித்தவர். "அவர் வெகுஜன வரலாறு எழுதியவர்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அந்தத் "தானே" எனக்குள் முள்ளாகத் தைத்தது. அங்கே சொல்ல நேரம் வாய்க்கவில்லை. இங்கே எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் வாசிப்பவர்களுக்கு "வெகுஜன" என்ற சொல்லின் எடை தெரியும். சிற்றிதழ், வெகுஜன இதழ் என்று இரண்டு தட்டுகளில் ஆட்களை ஏற்றி நிறுத்துப் பார்த்தே பழகிவிட்டோம். கேட்டனை அந்தத் தராசில் ஏற்ற நான் ஒப்பமாட்டேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அவர் சொன்ன ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1864 ஜூன் மாதம். வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வெளியே வடக்கு மாநிலங்களின் படையும், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் படையும் அகழி வெட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்துவிட்டன. வடக்குப் படையில் பென்சில்வேனியாவின் 48ஆம் ரெஜிமெண்ட் இருந்தது. அதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய அதிகாரி ஹென்றி பிளெசன்ட்ஸ், போருக்கு முன்பு சுரங்கப் பொறியாளர். எதிரே இருக்கும் கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்கம் தோண்டினால் அதை வெடித்துத் தூக்கிவிடலாமே என்று அவருடைய ஆட்களே பேசிக்கொண்டார்கள். அது அவர் காதில் விழுந்தது. மேலிடத்தில் அனுமதி கிடைத்தது. ஆனால் கருவிகள் கிடைக்கவில்லை. அவ்வளவு நீளத்துக்குச் சுரங்கம் போட முடியாது, உள்ளே மூச்சு முட்டிவிடும் என்று ராணுவப் பொறியாளர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

சுரங்கத் தொழிலாளிகள் விடவில்லை. ராணுவப் பிக்காசுகளைக் கொல்லனிடம் கொடுத்துச் சுரங்க வேலைக்கு ஏற்றபடி அடித்துக்கொண்டார்கள். வெட்டிய மண்ணை அள்ளிப்போட, ரொட்டி வந்திறங்கிய மரப்பெட்டிகளுக்குக் கைப்பிடி அடித்தார்கள். நிலத்தை அளக்கும் தியோடலைட் ஒன்று வேண்டும். படையில் இருந்ததைத் தர மறுத்ததால், வாஷிங்டனிலிருந்து பழைய கருவி ஒன்று வரவழைக்கப்பட்டது. காற்றுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சுரங்கத்தின் ஓரிடத்தில் மேல்நோக்கிப் புகைபோக்கி வெட்டி அதன் அடியில் எப்போதும் நெருப்பு எரியவிட்டார்கள். சூடான காற்று மேலே ஏற ஏற, வாசலிலிருந்து கடைசிவரை போட்ட மரக்குழாய் வழியாக நல்ல காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தது. 511 அடி தோண்டினார்கள். 8,000 பவுண்டு வெடிமருந்தை உள்ளே அடுக்கினார்கள். திரிகூட ஒரே நீளமாக வரவில்லை, துண்டு துண்டாக வந்ததை முடிச்சுப் போட்டுச் சேர்த்தார்கள்.

ஜூலை 30, விடிவதற்கு முன்பு திரி பற்றவைக்கப்பட்டது. நேரம் கடந்தது, வெடிக்கவில்லை. ஹாரி ரீஸ் என்ற சார்ஜண்டும் ஜேக்கப் டௌட்டி என்ற லெப்டினன்டும் அந்த இருட்டுச் சுரங்கத்துக்குள் போனார்கள். எந்த நொடியும் வெடிக்கக்கூடிய இடம் அது. முடிச்சுப் போட்ட இடத்தில் திரி அணைந்திருந்தது. மறுபடி பற்றவைத்துவிட்டு ஓடிவந்தார்கள். 4 மணி 44 நிமிடத்துக்குப் பூமி பிளந்தது.

அதற்குப் பிறகு நடந்தது படுதோல்வி. முன்னணியில் போக வேண்டும் என்று கறுப்பினப் படைப்பிரிவு ஒன்று தனியாகப் பயிற்சி பெற்றிருந்தது. முந்தைய நாள் மேலிடம் அதை மாற்றியது. பயிற்சியே இல்லாத வேறொரு பிரிவு சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் தளபதி லெட்லி பின்னால் பதுங்குகுழியில் ரம் குடித்துக்கொண்டிருந்தார். வீரர்கள் வெடிப்பள்ளத்தைச் சுற்றிப் போகாமல் அதற்குள்ளேயே இறங்கிச் சிக்கிக்கொண்டார்கள். கறுப்பின வீரர்கள் கடைசியில், எல்லாம் கெட்டுப்போன பிறகு, அனுப்பப்பட்டார்கள்.

இந்தத் தேதிகளையும் அடிக்கணக்கையும் எந்த நூலிலும் எடுத்துக்கொள்ளலாம். ரொட்டிப் பெட்டிக்குக் கைப்பிடி அடித்த ஆளைப் பக்கத்தில் நிற்க வைக்க எல்லோராலும் முடியாது. கேட்டன் கையில் இந்தப் போர் அந்தத் தொழிலாளிகளின் கதையாகிறது. அவர்கள் அத்தனை பாடுபட்டுச் செய்து முடித்த வேலையைத் தளபதிகள் எப்படிப் பாழாக்கினார்கள் என்ற கோபம், ஒரு வசைச்சொல்கூட இல்லாமல், வாசகருக்கு வந்துவிடுகிறது. "எ ஸ்டில்னஸ் அட் அப்போமாட்டாக்ஸ்" என்ற நூலில் இது வருகிறது. 1953இல் வந்த நூல். அடுத்த ஆண்டு வரலாற்றுக்கான புலிட்சர் பரிசும் தேசியப் புத்தக விருதும் அதற்குக் கிடைத்தன.

அப்போது கேட்டனுக்கு 54 வயது. கல்லூரிப் பட்டம் கிடையாது. ஓபர்லின் கல்லூரியில் சேர்ந்தவர், முதல் உலகப் போர் வந்ததும் படிப்பை விட்டுக் கடற்படைக்குப் போனார். பிறகு திரும்பிப் போய்ப் பட்டம் வாங்கவில்லை. கிளீவ்லாந்திலும் பாஸ்டனிலும் நாளிதழ்களில் நிருபராக இருந்தார். 1926 முதல் 1941 வரை ஒரு செய்தி நிறுவனத்தில் தலையங்கம், புத்தக மதிப்புரை, வாஷிங்டன் செய்தி என்று நாள்தோறும் எழுதித் தள்ளினார். இரண்டாம் உலகப் போரின்போது போர் உற்பத்தி வாரியத்தின் தகவல் பிரிவுக்கு இயக்குநர். அங்கே பெருநிறுவனங்களின் ஆட்கள் அதிகாரத்தில் உட்கார்ந்து என்னென்ன செய்தார்கள் என்பதை 1948இல் ஒரு நூலாக எழுதினார். அது பெரிதாக விற்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகுதான் அரசு வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்துக்கு வந்தார். வடக்கின் முக்கியப் படையான போடோமாக் படையைப் பற்றிய மூன்று நூல்களில் முதலாவது 1951இல் வெளிவந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார்.

இருபது ஆண்டுக்காலப் பத்திரிகை வேலையை அவர் வரலாற்றுக்கு வருவதற்கு முன்பு வீணான காலம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அந்த வேலைதான் அவரை வரலாற்றாளர் ஆக்கியது. நானும் பல ஆண்டுகள் செய்தி மேசையில் பிறர் எழுதியதைச் செப்பனிட்டவன். இரவு பதினொரு மணிக்கு, பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில், ஒரு செய்தியின் முதல் வரி எங்கே இருக்க வேண்டும் என்று தேடிய அனுபவம் உள்ளவனுக்கு, கேட்டனின் ஒரு அத்தியாயம் தொடங்கும் இடத்தைப் பார்த்தாலே தெரியும், இது மேசையில் பழகிய கை என்று.

இன்னொரு பாதி அவருடைய ஊரிலிருந்து வந்தது. 1899இல் மிச்சிகன் மாநிலத்தில் பெட்டோஸ்கியில் பிறந்தார். வளர்ந்தது பென்சோனியா என்ற சின்ன ஊரில். அப்பா சமயபோதகர், அங்கிருந்த பள்ளிக்கூடத்தின் தலைவரும்கூட. ஊரில் உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட முதியவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், வர்ஜீனியாவில் வில்டர்னஸ் என்ற இடத்தில் நடந்த சண்டையில் ஒரு கையை இழந்தவர். ஆண்டுதோறும் போரில் இறந்தவர்களின் நினைவு நாளன்று அந்தத் தாத்தாக்கள் நீலச் சீருடை அணிந்து கல்லறைகளுக்குப் பூ வைக்கப் போவதைப் பையனாக நின்று பார்த்திருக்கிறார். லைலாக் பூக்கும் பருவம் அது. ஊர்த் திண்ணையில் கேட்ட கதைகள் அவர் மனத்தில் ஐம்பது ஆண்டுகள் கிடந்தன. பின்னால் எழுத உட்கார்ந்தபோது ரெஜிமெண்டுகளின் வரலாறுகளையும் சாதாரண வீரர்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தேடித் தேடிப் படித்தார். பல்கலைக்கழகங்களில் பலர் தளபதிகளின் ஆவணங்களோடு நிறுத்திக்கொண்ட காலம் அது. அந்தத் தாத்தாக்கள் இருபது வயதில் எப்படி இருந்தார்கள் என்று அறியும் ஆசைதான் அவரை இயக்கியது என்று நான் நம்புகிறேன்.

இனி அவருடைய ஆசிரியர் பணி. 1954 டிசம்பரில் "அமெரிக்கன் ஹெரிடேஜ்" இதழ் புது வடிவத்தில் வெளிவந்தது. ஜேம்ஸ் பார்ட்டன், ஜோசப் தார்ண்டைக், ஆலிவர் ஜென்சன் என்ற மூன்று பத்திரிகைக்காரர்கள் தொடங்கினார்கள். கேட்டனை ஆசிரியராக அழைத்துவந்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஓர் இதழ். கெட்டி அட்டை, வண்ணப் படங்கள், விளம்பரம் ஒன்றுகூடக் கிடையாது. வாசகர் தரும் பணத்தில் மட்டுமே நின்றது. பழைய புத்தகக் கடையில் அதன் இரண்டு இதழ்கள் எனக்குக் கிடைத்தன. படித்துவிட்டுப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுகிற பொருளாக அதை யாரும் செய்யவில்லை. அலமாரியில் நிற்பதற்காகவே முதுகுப்புறம் கட்டி, பெயர் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பத்திரிகையைப் புத்தகத்தின் மரியாதையோடு வீட்டுக்குள் அனுப்பியவர்கள் அவர்கள்.

இந்த முயற்சிக்குப் பின்னால் நீண்ட நாள் நின்றவர் ஆலன் நெவின்ஸ். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரும் பத்திரிகை வேலையிலிருந்து வந்தவர், அவருக்கும் முனைவர் பட்டம் கிடையாது. வரலாறு பொதுமக்களிடம் போகாமல் துறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது என்று அவர் வெளிப்படையாக எழுதிச் சக பேராசிரியர்களின் மனக்கசப்பைச் சம்பாதித்துக்கொண்டவர். அவருடைய நோக்கம் கேட்டனின் மேசையில் இதழாக உருவெடுத்தது. கேட்டன் 1959 வரை ஆசிரியர். பிறகு 1978இல் இறக்கும் வரை மூத்த ஆசிரியர். "படித்தல், எழுதுதல், வரலாறு" என்ற பொருளில் பெயர் வைத்து அதில் மதிப்புரைப் பத்தியும் எழுதினார். 1960இல் அந்த நிறுவனம் வெளியிட்ட உள்நாட்டுப் போர் படநூலுக்கு உரை எழுதியவரும் அவரே. டேவிட் கிரீன்ஸ்பன் வரைந்த போர்க்கள வரைபடங்கள் அதில் உண்டு. பறவை மேலிருந்து பார்ப்பதைப் போல, எறும்பளவு வீரர்களோடு. ஒரு குழந்தை அதன்முன் மணிக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடக்கும். அந்நூலுக்குப் புலிட்சர் குழு 1961இல் சிறப்புப் பாராட்டு அளித்தது.

1964இல் அந்த அலுவலகத்தில் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். டேவிட் மெக்கல்லோ. பிற்காலத்தில் இரண்டு முறை புலிட்சர் வாங்கியவர். தன் முதல் நூலை அந்த வேலையில் இருந்துகொண்டேதான் எழுதினார். நல்ல பத்திரிகை அலுவலகம் ஒரு பட்டறை. அதைப் பல்கலைக்கழகங்கள் சில நேரம் மறந்துவிடுகின்றன.

கேட்டனை நேசிக்கிறேன் என்பதற்காகக் குறையை மறைக்க முடியாது. வடக்குப் படைத் தளபதி கிராண்ட், தெற்குப் படைத் தளபதி லீ இருவரையும் பற்றி 1956இல் அவர் எழுதிய ஒப்பீட்டுக் கட்டுரை அமெரிக்கக் கல்லூரிகளில் உரைநடைக்கு மாதிரியாகத் தலைமுறை தலைமுறையாகப் பாடத்தில் இருந்தது. கட்டமைப்பு அழகானது, சந்தேகமில்லை. ஆனால் லீயைப் பழைய நிலவுடைமைப் பண்பாட்டின் உயர்ந்த உருவமாக நிறுத்தும் அந்தக் கட்டுரை, அந்த நிலத்தில் யார் உழைத்தார்கள் என்பதை நேரடியாகப் பேசுவதில்லை. அடிமைகளின் முதுகில் நின்ற மேன்மையைப் பற்றி அவர்களைச் சொல்லாமல் எழுதியது தவறு. எனக்கு அதில் இரண்டு கருத்து இல்லை. இரு தரப்பு வீரர்களையும் சமமாக நேசித்த அவருடைய மனம், இரு தரப்பின் நோக்கமும் சமமல்ல என்பதைச் சில இடங்களில் மங்கலாக்கிவிட்டது. அதே கேட்டன்தான் தன் பெரிய நூல்களில் போரின் வேரில் அடிமைமுறை இருப்பதைக் காட்டினார். கறுப்பின வீரர்களுக்குப் பீட்டர்ஸ்பர்க்கில் இழைக்கப்பட்டதையும் எழுதினார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரை வாசிக்க வேண்டும்.

அவருடைய இன்னொரு குணம் எனக்கு மிகவும் பிடித்தது. கிராண்டின் வாழ்க்கை வரலாற்றை லாயிட் லூயிஸ் என்பவர் எழுதிக்கொண்டிருந்தார். முதல் பாகம் அச்சில் வருவதற்கு முன்பே, 1949இல் இறந்துவிட்டார். மீதியை எழுதும் பொறுப்பு, அவருடைய மனைவியின் சம்மதத்தோடு, கேட்டனிடம் வந்தது. இன்னொருவர் தொடங்கிவைத்த வேலைக்குத் தோள் கொடுத்து, 1960இல் ஒன்றும் 1969இல் ஒன்றுமாக இரண்டு பாகங்களை முடித்தார். போரின் நூற்றாண்டையொட்டி 1961 முதல் 1965 வரை மூன்று பாகங்கள் எழுதியபோது, அதற்கான ஆய்வைத் தலைமையேற்று நடத்திய ஈ. பி. லாங் பெயர் நூலிலேயே இடம்பெற்றது. பிறர் உழைப்பைத் தன் பெயருக்குள் கரைத்துக்கொள்ளாதவர். 1977 ஜனவரியில் அதிபர் ஃபோர்ட் சுதந்திரப் பதக்கம் அளித்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் மிச்சிகனிலேயே இறந்தார். பென்சோனியாவில் புதைக்கப்பட்டார், அந்தத் தாத்தாக்கள் பூ வைத்த ஊரில்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: அப்போமாட்டாக்ஸ் நூலை முதலில் எடுங்கள். மூன்றில் கடைசி என்றாலும் தனியாகவே நிற்கும். அப்போமாட்டாக்ஸ் ஊரில் லீ சரணடையும் காட்சியை எழுதாமல், அவர் இருக்கும் வீட்டை நோக்கி கிராண்ட் புறப்படும் இடத்தில் அதை முடித்திருப்பார். பிறகு அவருடைய சிறுவயது நினைவுகளான "வெயிட்டிங் ஃபார் த மார்னிங் ட்ரெய்ன்", 1972இல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேசிய நண்பருக்கு என் பிரதியைக் கொடுக்கப் போகிறேன். சுரங்கம் வரும் பக்கத்தில் பழைய பஸ் டிக்கெட் ஒன்றை அடையாளமாக வைத்திருக்கிறேன்.