அஞ்சலை காலில் லாடம் இல்லைதான்

அந்த வீடியோவை இதுவரை 23 பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். இனி அனுப்ப வேண்டாம். மழையில் எங்கள் குதிரை அஞ்சலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவர் என் அண்ணன். பின்னால் குடையும் மருந்துப் பையுமாக ஒரு பெண் வருகிறாள், முகம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அது நான்.

"லாடம்கூட அடிக்காமல் நொண்டுகிற குதிரையை இழுத்துப் போகிறார்கள்" என்று மேலே எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே வந்து விழுந்ததைப் படிக்கப் படிக்க எனக்குக் கை நடுங்கியது. "லாடம் அடிக்க வக்கில்லாதவனுக்குக் குதிரை எதுக்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு விருப்பக்குறி போட்டவர்களில் இரண்டு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து அஞ்சலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள்.

அஞ்சலைக்கு லாடம் இல்லை. நான்கு காலிலும் இல்லை. மறந்துபோய் விடவில்லை, காசில்லாமலும் விடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் டாக்டரைக் கேட்டு, யோசித்து, நாங்களே கழற்றியது. லாடம் இல்லாததால் அவள் நொண்டவில்லை. நான்கு நாள் ஈரத்தில் நின்றதால் நொண்டினாள். இதை இந்தப் பதிவில் இன்னும் எத்தனை முறை சொல்வேன் என்று எனக்கே தெரியாது, ஏனென்றால் ஒரே ஒரு முறை சொன்னால் யாருக்கும் காதில் ஏறவில்லை.

குளம்பு நம் நகம் மாதிரிதான், அதே கெரட்டின். மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். மேலே முடி முடிகிற இடத்தில் இன்று முளைக்கிற குளம்பு கீழே தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிவிடும். ஒரு மணி நேரம் துணி துவைத்துவிட்டு வந்தால் நம் விரல் நுனி எப்படி ஊறி, சுருங்கி, வெளுத்துக் கிடக்கும்? நாள் கணக்கில் தண்ணீரில் நின்ற குளம்பும் அப்படித்தான் ஊறிப்போகும். அடிப்பக்கத்தில், குளம்பின் சுவரும் உள்ளங்காலும் சேருகிற இடத்தில் வெளுத்த கோடு ஒன்று ஓடும். ஊறியபிறகு அந்தக் கோட்டுக்குள் ஒரு மணல் துணுக்கு ஏறினால் போதும், அதோடு கிருமியும் ஏறிவிடும். உள்ளே சீழ் பிடிக்கும். நமக்குச் சீழ் வைத்தால் சதை வீங்கி இடம் கொடுக்கும். குளம்புக்குள் வீங்க இடமே கிடையாது. முந்தின நாள் நன்றாக நடந்த குதிரை மறுநாள் காலை ஊன்றவே ஊன்றாது. பார்ப்பவர்கள் எலும்பு முறிந்துவிட்டது என்றே நினைப்பார்கள்.

வியாழக்கிழமை காலை அண்ணனும் அப்படித்தான் நினைத்தான். என்னைக் கூப்பிட்டபோது அவன் குரலே சரியில்லை. போய்க் குளம்பைத் தொட்டால் சுடுகிறது. கணுவுக்குப் பின்னால் விரலை வைத்தால் நாடி துள்ளுகிறது. மற்ற மூன்று காலிலும் அந்த நாடியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. டாக்டர் வந்தார். வளைந்த சின்னக் கத்தியால் அந்தக் கோட்டோரமாகச் சுரண்டினார். கறுப்பாக, நாற்றமாக, ஒரு டீஸ்பூன் அளவுக்கு வந்தது. அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் அவள் அந்தக் காலைத் தரையில் வைத்தாள். குதிரைக்கு டெட்டனஸ் சீக்கிரம் பிடிக்கும், அதனால் அதற்கும் ஊசி போட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் உப்பு போட்டுக் காலை வைக்கச் சொன்னார். அப்புறம் கட்டு. குழந்தைக்குக் கட்டுகிற டயப்பர்தான் குளம்புக்கு அளவாக உட்காரும். அதற்கு மேல் வெள்ளி நிற டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினோம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறியது. சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இது ஒன்றும் புதிதில்லை. கட்டு நனைந்தால் செய்ததெல்லாம் வீண். அதனால் சித்தப்பாவின் குடோனுக்குக் கொண்டுபோனோம். மேடான சிமெண்ட் தரை, 200 மீட்டர் தூரம். கட்டின் மேல் பிளாஸ்டிக் சாக்கைச் சுற்றி, நின்று நின்று, மூச்சுவிட்டு, கூட்டிப்போனோம். அந்த 200 மீட்டரைத்தான் யாரோ மாடியிலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். சாக்கு பாதி வழியில் அவிழ்ந்து தொங்கியதால் வெள்ளி டேப் பளிச்சென்று தெரிகிறது. நிறுத்திப் பாருங்கள், தெரியும். இவ்வளவு பேர் பார்த்தீர்களே, அந்தக் கட்டு ஒருவர் கண்ணில்கூடப் படவில்லையா? காலில் இல்லாத லாடம் மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டதா?

சரி. "லாடம் இருந்திருந்தால் கல் குத்தியிருக்காதே" என்று கேட்கிறார்கள். லாடம் என்பது ஓரத்தைச் சுற்றி வருகிற இரும்பு. உள்ளங்காலை மூடாது. நடுப்பக்கம் திறந்துதான் கிடக்கும், அதே சேறு அங்கேயும் அடையும். ஊறிப்போன குளம்பில் ஆணி பிடிக்காது, ஆட்டம் கொடுக்கும், ஆடுகிற ஆணி குளம்பைப் பிய்த்துக்கொண்டு வரும். மழையில் நனைந்த தார் ரோட்டில் இரும்பு வழுக்கும். எங்கள் நைனா ஜட்கா வண்டி ஓட்டிய காலத்தில் அப்படி வழுக்கி விழுந்த குதிரையை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்காக லாடமே கூடாது என்று சொல்ல வரவில்லை. தினம் தார் ரோட்டில் பாரம் இழுக்கிற குதிரைக்குக் குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேயும். அதற்கு லாடம் வேண்டும். நைனாவின் குதிரைகள் எல்லாமே லாடம் அடித்தவைதான். அஞ்சலை கல்யாண ஊர்வலத்துக்குப் போகிறவள். மாதத்தில் நாலைந்து நாள், மெல்ல நடக்கிற நடை. மற்ற நாளெல்லாம் மணலில். அவளுக்கு எதற்கு? குளிர் நாடுகளில் பலபேர் குளிர்காலம் வந்தாலே லாடத்தைக் கழற்றிவிடுகிறார்கள். லாடத்துக்குள் பனி உருண்டையாக இறுகி, குதிரை கட்டையின் மேல் நிற்கிற மாதிரி தடுமாறும் என்பதால். வெறுங்காலில் பனி அவ்வளவாக ஒட்டாது. "ஃபாரின்ல குதிரைக்கு ஸ்வெட்டர் போடறாங்க, இங்க செருப்புகூட இல்ல" என்று எழுதியவர் இதையும் தெரிந்துகொள்ளட்டும். அவர்களுக்குப் பனிக்கட்டி தொல்லை. நமக்கு மார்கழியிலும் 18 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். நமக்குத் தொல்லை தண்ணீர்தான். வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கிற ஊர் இது.

நான் ஆறாவது படித்தபோது நடந்தது. கார்த்திகை மாசம், விடியற்காலை, நல்ல மழை. நைனா என்னை எழுப்பிக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். குதிரையின் பின்னங்காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, "மோந்து பாரு" என்றார். அடிக்காலின் நடுவில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி ஒன்று இருக்கும். டாக்டர்கள் ஃப்ராக் என்பார்கள், எங்கள் வீட்டில் மெத்தை. நான் மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். மண் வாசனையும் சாணி வாசனையும்தான் வந்தது. "இது நல்ல கால்" என்றார். அப்புறம் அடுத்த காலைத் தூக்கினார். அந்த நாற்றத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. வயிற்றைப் புரட்டியது. மெத்தையின் பள்ளத்தில் கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தது. "கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி மூக்குக்குத் தெரியும்" என்றார். அந்த நோய்க்குத் த்ரஷ் என்று பெயர் என்பதும், காற்றுப் படாத இடத்தில் வளர்கிற கிருமி அது என்பதும் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பேர் தெரியாமலே நைனா அதைத் தடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குதிரைக்கு நான்கு காலிலும் லாடம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லாடம் இருந்தும் அழுகியது. ஈரம்தான் காரணம்.

இன்றைக்கும் அதையேதான் செய்கிறோம். காலையும் மாலையும் நான்கு காலையும் தூக்கி, கொக்கியால் சேற்றை எடுத்து, மெத்தையின் இரண்டு பக்கப் பள்ளத்தையும் துடைத்து, மோந்து பார்ப்போம். நாற்றம் வந்தால் அங்கே காற்றுப் பட விடவேண்டும், அயோடின் மருந்து தடவவேண்டும். சிலர் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கொட்டுவார்கள். அது கிருமியோடு பச்சைச் சதையையும் சேர்த்து எரிக்கும், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். பழைய இன்ஜின் ஆயில் தடவுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், தயவுசெய்து நிறுத்துங்கள். ஈரத்தையும் கிருமியையும் உள்ளே வைத்து மூடுகிற வேலை அது. ஐந்து வாரத்துக்கு ஒரு முறை அரம் போட்டு ஓரத்தை உருட்டிவிட வேண்டும். ஓரம் நீண்டால் விரியும், விரிந்தால் அந்த வெளுத்த கோடு வாயைப் பிளக்கும். மழை விட்ட நேரத்தில் கொஞ்சமாவது நடக்க வைக்க வேண்டும். குளம்பு அழுந்தி அழுந்தி எழும்போதுதான் காலுக்குள் ரத்தம் நன்றாக ஓடும். மழை என்று நான்கு நாள் கட்டியே போட்டால் அதுவும் கெடுதல்.

"இவ்வளவு தெரிந்தவர்கள் கொட்டகையைக் காய வைத்திருக்கலாமே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மரியாதையாகக் கேட்டார், அதனால் பதில் சொல்கிறேன். செவ்வாயும் புதனும் நான் கால் பார்க்கவில்லை. எனக்குக் காய்ச்சல். அண்ணன் வேலைக்குப் போய் இரவில்தான் வந்தான். அந்த இரண்டு நாள் எங்கள்மேல்தான் தப்பு. பார்த்திருந்தால் முன்னாடியே பிடித்திருக்கலாம். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை, உங்கள் வசவால் மட்டும் இல்லை, இதனாலும்தான்.

ஆனால் தரையைப் பற்றிக் கேட்டீர்களே. தரையைத் தோண்டி, அடியில் செங்கல் ஜல்லி போட்டு, மேலே மணல் போட்டு, ஒரு பக்கம் சரிவு வைத்து, மூத்திரம் நிற்காமல் ஓடச் செய்யவேண்டும். மூத்திரத்திலிருந்து வருகிற அமோனியாவும் குளம்பைத் தின்னும். பாதிக் கொட்டகைக்குச் செய்துவிட்டோம். மீதிக்கு மணல் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தோம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, நினைத்துப் பாருங்கள். ஊர்வலம் இல்லை, வருமானம் இல்லை. எந்த மாசத்தில் காய்ந்த வைக்கோலும் மரவாடியிலிருந்து புது மரத்தூளும் மூட்டை மூட்டையாக வேண்டுமோ அந்த மாசத்தில்தான் கையில் காசு இருக்காது. வேலை இல்லாத குதிரைக்குக் கொள்ளுத் தீனியைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் லேமினைடிஸ் என்கிற குளம்பு அழற்சி வந்து குளம்புக்குள்ளேயே எலும்பு இறங்கிவிடும். நாங்கள் குறைத்தால் "பட்டினி போடுகிறார்கள்" என்பார்கள். போன பொங்கலுக்கு அன்பாகத்தான் ஒருவர் ஒரு வாளி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். இனிப்பும் குதிரைக்கு அதே நோயைக் கொண்டுவரும், அதனால் வேண்டாம் என்றேன். அதற்கு இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

"சிட்டிக்குள் குதிரை எதற்கு" என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பில் வந்தது எந்தக் குதிரை? அது ராத்திரி எங்கே போய்ப் படுக்கும் என்று நினைத்தீர்கள்?

13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ராஜா வருஷத்துக்கு 2,000-க்கு மேல் குதிரை வாங்குவதாகவும், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களும் லாடக்காரர்களும் இங்கே இல்லாததே காரணம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது முழுக்கச் சரியா என்று பெரியவர்கள் பேசட்டும். என் கவலை வேறு. பார்த்துக்கொள்ளத் தெரிந்த நாலு பேர் இன்றைக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம். எங்களையும் வக்கில்லாதவர்கள் என்று துரத்திவிட்டால் அப்புறம் யார் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள்? என் அண்ணன் இரண்டு நாளாகக் கடைத்தெருப் பக்கம் போகவில்லை. பெரிய மனுஷன், 46 வயசு. நேற்று ராத்திரி என்னிடம், "பேசாம லாடம் அடிச்சிடலாமா, பாக்கறவங்களுக்காகவாவது" என்று கேட்டான். இதைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். ஊறிப்போன குளம்பில், சீழ் வடிந்து இன்னும் ஆறாத குளம்பில், பார்க்கிறவர்களுக்காக ஆணி அடிக்க வேண்டுமாம். மாட்டேன்.

வீடியோ எடுத்தவர் எங்கள் தெருவை ஒட்டித்தான் இருக்க வேண்டும். உங்கள் பெயர் எனக்கு வேண்டாம். உங்கள்மேல் சண்டைக்கும் வரமாட்டேன். தினம் சாயங்காலம் ஆறு மணிக்குக் குடோனில் கட்டு மாற்றுகிறோம். இன்னும் ஒரு வாரமாவது மாற்ற வேண்டியிருக்கும். நேரம் இருந்தால் வாருங்கள். காலை நான் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன், நீங்களே மோந்து பாருங்கள்.