ஆர்க்யூ என்றால் சண்டை மட்டுமா?

ஆங்கிலச் சொற்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 'ஆர்க்யூ'வுக்கு (argue) 'குவாரல்' (quarrel, சண்டையிடுவது), 'டிபேட்' (debate, விவாதிப்பது), 'பெர்சுவேட்' (persuade, இணங்க வைப்பது) மூன்றையும் ஒரே வரிசையில், ஒரே பொருள் தரும் இணைச்சொற்களாகக் கொடுத்திருக்கிறீர்கள். மாணவர்கள் தடுமாறுவதே இங்கேதான். ஆர்க்யூவுக்குப் பின்னால் வரும் சொல்லைப் பார்த்தால் பொருள் பிரிந்துவிடும். 'வித்' வந்து ஓர் ஆளைச் சுட்டினால் பெரும்பாலும் வாய்ச்சண்டை. 'ஃபார்', 'அகெய்ன்ஸ்ட்' வந்தால் ஆதரித்தோ எதிர்த்தோ வாதாடுவது. 'தட்' (that) வந்தால் காரணம் காட்டி ஒரு கருத்தை முன்வைப்பது. ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் வருவது இதுதான். அதைப் போய் 'சண்டையிடுகிறார்' என்று மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

அப்புறம் 'பெர்சுவேட்'. எதிரில் இருப்பவர் இணங்கிவிட்டார் என்பதும் அதில் அடக்கம். ஆர்க்யூவில் அது இல்லை; நாள் முழுக்க வாதாடியும் யாரும் மசியாமல் போகலாம். ஆர்க்யூவோடு 'இன்டு' (into) சேர்ந்து, பேசிப் பேசியே ஒருவரைச் செய்ய வைக்கும்போதுதான் இரண்டும் நெருங்கி வருகின்றன.