பின்னட்டையில் ஒரு மதுரை

(மதுரையில் ஒரு சிறிய அச்சகம். மேஜை முழுவதும் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். பெண்ணின் தந்தை, மடிப்பில் கிழிந்த பழைய பத்திரிகை ஒன்றோடு வருகிறார்.)

தந்தை: பின்னட்டையில் மண்டபத்துக்கு வழிப்படம் போட வேண்டும், தம்பி. புதிதாக வரைந்து செலவு வைக்காதீர்கள். என் தங்கை கல்யாணமும் இதே மண்டபத்தில்தான் நடந்தது. இந்தப் படத்தையே போட்டுவிடுங்கள்.

அச்சகக்காரர்: இது 1996இல் அடித்தது, அண்ணே. இதில் மாட்டுத்தாவணி பஸ் நிலையமே இல்லை. அது வந்தது 1999இல்.

தந்தை: அதனால் என்ன? ஓர் ஓரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அச்சகக்காரர்: சம்பந்தி வீட்டார் எந்த ஊர்?

தந்தை: கோயம்புத்தூர்.

அச்சகக்காரர்: அப்படியானால் ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்குவார்கள். ரயிலில் வருகிறவர்கள் மேல வெளி வீதிக்கு வருவார்கள். எல்லோரையும் அம்புக்குறி போட்டு விளக்குத்தூணில் சேர்த்துவிடலாம். கீழ மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சந்திக்கும் மூலை. அங்கிருந்து மண்டபம் கூப்பிடு தூரம்.

தந்தை: மாசி வீதி என்றால் வெளியூரில் யாருக்குத் தெரியும்? ‘சித்திரைத் தேர் ஓடும் வீதி’ என்று போடுங்கள். ஊர் உலகமே அறிந்தது.

அச்சகக்காரர்: வம்பே அதுதான். தேர் ஓடுவது மாசி வீதியில். பத்திரிகையைப் படிக்கிறவர்கள் பெயரை வைத்து நேரே சித்திரை வீதிக்குப் போவார்கள். அங்கே வண்டியை விட மாட்டார்கள். மாப்பிள்ளை வேன் தடுப்பருகே நிற்கும், முகூர்த்தம் நிற்காது.

தந்தை: சரி, விளக்குத்தூணே இருக்கட்டும். பக்கத்தில் என் மூத்த மைத்துனரின் பாத்திரக்கடையைப் பெரிதாகப் போடுங்கள்.

அச்சகக்காரர்: அது எதற்கு? கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த தூண், அண்ணே. 19ஆம் நூற்றாண்டிலிருந்து இடம் மாறாமல் நிற்கிறது. அடையாளத்துக்கு அது போதாதா?

தந்தை: பிளாக்பர்ன் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போக மாட்டார். மைத்துனர் போவார்.

அச்சகக்காரர்: (பென்சிலை எடுத்து) பாத்திரக்கடை... போட்டாயிற்று.

தந்தை: இரண்டாமவருக்கு ஜவுளிக்கடை. மூன்றாமவருக்கு மாவு மில்.

அச்சகக்காரர்: மில் எங்கே?

தந்தை: செல்லூரில்.

அச்சகக்காரர்: செல்லூர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்! நடுவில் வைகை இருக்கிறதே.

தந்தை: வைகையையும் போடுங்கள். தண்ணீரா ஓடுகிறது? ஒரு கோடு இழுத்தால் போதும்.

அச்சகக்காரர்: நான்காமவர்?

தந்தை: அவருக்குக் கடை கிடையாது. வாசலில் வேப்பமரம் உண்டு. அதை வரைந்தால் புரிந்துகொள்வார்.

அச்சகக்காரர்: அவர் புரிந்துகொள்வார். கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டாமா?

தந்தை: அவர்களுக்குப் படம் எதற்கு? முதல் நாளே நாம் வேன் வைத்து அழைத்துவருகிறோமே.

அச்சகக்காரர்: பிறகு இந்தப் படம் யாருக்கு?

தந்தை: உள்ளூர்க்காரர்களுக்குத்தான். சொந்தக்காரர் வீட்டுப் பத்திரிகையில் எல்லாம் படம் இருக்கிறது. நம்முடையதில் இல்லையென்றால், “இவருக்கு வரைவதற்கு வழியில்லை” என்பார்கள்.

(அச்சகக்காரர் தாளைத் திருப்பிப் பார்க்கிறார். பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு வைக்கும் வரைபடம் போல இருக்கிறது. மண்டபத்துக்கு மிஞ்சியது ஒரு மிளகு அளவு இடம்.)

அச்சகக்காரர்: அண்ணே, இதெல்லாம் வேண்டாம். ‘விளக்குத்தூணில் இறங்கவும். தாய்மாமன் எதிர்கொண்டு அழைப்பார்’ என்று ஒரு வரி போடுவோம். மரியாதைக்கு மரியாதை, வழிக்கு வழி.

தந்தை: ஒருவரை மட்டும் நிறுத்தினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

அச்சகக்காரர்: மாசி வீதிகளுக்கு மூலை நான்கு. மூலைக்கு ஒருவரை நிறுத்துங்கள்.

தந்தை: மொத்தம் ஐந்து பேர், தம்பி. கடைசி ஆள்தான் கோபக்காரர்.

அச்சகக்காரர்: அவரை நான்குக்கும் நடுவில் நிறுத்துங்கள்.

தந்தை: நடுவில் மீனாட்சியம்மன் கோயிலல்லவா இருக்கிறது?

அச்சகக்காரர்: அதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன வேண்டும்?

தந்தை: (தலையில் கைவைத்து) இதை மெதுவாகச் சொல்லுங்கள். மூத்தவர் காதில் விழுந்தால், மூலையில் நிற்கமாட்டேன் என்று அவரும் அங்கேதான் போய் நிற்பார்.